கடனும் கொடையும்: ‘ஸ்பைடர்மேன் 2’ படத்தை முன்வைத்துத் தொடர்ச்சிப் படங்களின் மெய்ப்பாடு

முன்னுரை

சூப்பர் ஹீரோ படங்கள் எனப் பரவலாக வழங்கும் மீயாற்றல் நாயகர் திரைப்படங்கள் தனிப்படங்களாக நிற்பது அரிது. ஒரு படம் வெற்றி பெற்றால் இரண்டாம் பாகமும் மூன்றாம் பாகமும் தொடர்ந்து வருகின்றன. இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பொருட்செலவு, காட்சி நுட்பம், வசூல் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. ஒரு தொடர்ச்சிப் படம் பார்ப்பவர் உள்ளத்தில் நிறைவை ஏற்படுத்துவது எதனால் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. பகைவன் முன்னவனைவிட வலியவனாகவும் அழிவு முன்னதைவிடப் பெரிதாகவும் இருந்தால் போதும் என்னும் எண்ணம் படைப்போரிடமும் பார்ப்போரிடமும் உள்ளது. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதைச் சாம் ரெய்மி இயக்கத்தில் 2004ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்பைடர்மேன் 2’ படத்தைக் கொண்டு நிறுவ இக்கட்டுரை முயல்கிறது. முதற்படத்தின் முடிவில் நாயகன் மேற்கொண்ட உறுதிக்குரிய விலையைத் தொடர்ச்சிப் படம் அவனிடமிருந்து பெறவேண்டும். அவ்விலையை அறிந்த பின்னும் அவன் அதே உறுதியைத் தன் விருப்பால் மீண்டும் ஏற்கவேண்டும். நிறைவு இவ்விரண்டாலும் விளைகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கருத்துகள் ஆய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகின்றன.

முதற்படம் விட்டுச்சென்ற கடன்

2002ஆம் ஆண்டு வெளிவந்த முதற்படத்தில் பீட்டர் பார்க்கர் என்னும் மாணவன் சிலந்திக்கடியால் மீயாற்றல் பெறுகிறான். தடுத்திருக்கக்கூடிய ஒரு திருடனை அவன் தப்பவிட, அதன் விளைவாகத் தன்னை வளர்த்த பென் என்னும் முதியவரை இழக்கிறான். படத்தின் இறுதியில், நண்பன் ஹேரியின் தந்தையாகிய நார்மன் ஆஸ்பர்னின் அடக்கத்திற்குப் பின், தான் நெடுங்காலம் விரும்பிய மேரி ஜேன் தன் காதலைத் தெரிவிக்கும்போது பீட்டர் அதனை மறுத்துச் செல்கிறான். தன் பகைவரால் அவளுக்குத் தீங்கு நேரும் என்பதே காரணம். அக்காரணத்தை அவன் அவளிடம் சொல்வதுமில்லை.

இம்முடிவு உயர்வானதாகத் தோன்றினாலும் அதன் விலை இன்னும் செலுத்தப்படவில்லை. துறவை அறிவிப்பது எளிது. துறந்த பின் வரும் நாள்களைக் கழிப்பதே அரிது. முதற்படம் அறிவிப்போடு முடிகிறது. மூன்று கடன்கள் அதில் எஞ்சுகின்றன: மேரி ஜேனிடம் மறைத்த உண்மை, பென்னின் மனைவி மேயிடம் மறைத்த குற்றம், தன் தந்தையைக் கொன்றவன் ஸ்பைடர்மேன் என நம்பும் ஹேரியின் சினம். இரண்டாம் படம் இம்மூன்றையும் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொள்கிறது. அலெக்ஸ் ராஸ் தீட்டிய ஓவியங்களால் முதற்படக் கதையை நினைவூட்டி அதன் பெயர்ப்பட்டியல் தொடங்குவதையும் இந்நோக்கிலேயே காணவேண்டும். மறந்துவிட்ட கணக்குப் புத்தகத்தை மீண்டும் திறப்பது போன்றது அது.

தொடர்ச்சி நூல் எச்சத்திலிருந்து தொடங்குவது தமிழ்க் காப்பிய மரபிலும் காணப்படுவதே. மணிமேகலையின் தொடக்கத்தில் இந்திர விழா அறிவிக்கப்படுகிறது. ஆனால் ஆடுதற்குரிய மாதவியும் அவள் மகளும் வரவில்லை. கோவலன் இறப்பு விட்டுச்சென்ற வெற்றிடமே புதிய காப்பியத்தின் வாயிலாகிறது. இரட்டைக் காப்பியம் என்னும் வழக்குக்குக் கதைமாந்தர் உறவோடு இவ்விளைவுத் தொடர்பும் காரணமாகும் எனலாம்.

அழுகையின் நிலைக்களன்கள்

மீயாற்றல் நாயகனுக்கு இயல்பாக உரிய மெய்ப்பாடு பெருமிதம். ‘ஸ்பைடர்மேன் 2’ படத்தின் முற்பகுதியோ பெருமிதத்தை ஏறக்குறைய முற்றிலும் விலக்கி அழுகையை நிறுத்துகிறது. தொல்காப்பியர் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுவார். உற்றாரையோ உடைமையையோ இழக்கும் இழவு, பொருளின்மையாகிய வறுமை, பிறரால் இகழப்படும் இளிவு, முன்னைய நன்னிலை கெட்டு வருந்தும் அசைவு ஆகியன அவை. இந்நான்கும் பீட்டரின் வாழ்வில் ஒருசேர வருகின்றன.

பீட்சா கொண்டு சேர்க்கும் வேலையில் குறித்த 29 நிமிடங்களைக் கடந்துவிட்டதால் அவன் நீக்கப்படுகிறான். வழியில் இரு குழந்தைகளைக் காத்ததே தாமதத்துக்குக் காரணம்; அதனை அவன் யாரிடமும் சொல்ல இயலாது. அறை வாடகை நிலுவையில் உள்ளது. பேராசிரியர் அவன் படிப்பின் சரிவைச் சுட்டிக் கடிந்துகொள்கிறார். மேரி ஜேன் நடிக்கும் நாடகத்திற்குத் தாமதமாக வந்தவனை வாயிலோன் உள்ளே விட மறுக்கிறான். பின்னர் அவனுடைய ஆற்றல்களே அவனைக் கைவிடத் தொடங்குகின்றன. இது அசைவின் தெளிந்த வடிவம்.

இவற்றுள் மிக நுட்பமானது பிறந்தநாள் காட்சி. கடனால் வீட்டையே இழக்கும் நிலையிலுள்ள மே, பீட்டரின் கையில் 20 டாலரைத் திணிக்கிறார். அவன் தயங்கும்போது பெற்றுக்கொள்ளுமாறு குரலுயர்த்தி வற்புறுத்தி, உடனே கண்கலங்குகிறார். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் வறுமை ஒன்றே. நகரத்தைக் காப்பவன் தன்னை வளர்த்தவரின் வீட்டைக் காக்க இயலாதவனாக நிற்கிறான். கட்டடங்கள் சரியும் காட்சி எதுவும் தராத கலக்கத்தை இச்சிறு தொகை தருகிறது. ஆபத்தின் அளவுக்கும் உணர்ச்சியின் அளவுக்கும் நேர்விகிதத் தொடர்பு இல்லை என்பதற்கு இதுவே சான்று.

துறத்தலும் மீளலும்

ஆற்றல் குன்றிய பீட்டர் தன் உடையைக் குப்பைத்தொட்டியில் போட்டுச் செல்கிறான். இக்காட்சிக்கு மூலம் 1967ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்பைடர்மேன் படக்கதை இதழின் 50ஆம் எண்ணில் உள்ளது. படக்கதையிலிருந்து காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், அதன் விளைவுகளைப் படம் விரித்துரைக்கிறது. துறந்தவன் முதலில் மகிழ்கிறான், படிப்பில் தேறுகிறான், நாடகத்துக்குச் சென்று அமர்கிறான். அவனுக்கு இம்மகிழ்ச்சி உரியதே எனப் பார்ப்பவர் எண்ணுமாறு படம் இடந்தருகிறது. இவ்விடம் இல்லையெனில் பின்வரும் மீளல் வெறும் சடங்காகிவிடும்.

அடுத்து அவன் பென்னின் இறப்பில் தனக்குள்ள பங்கை மேயிடம் ஒப்புக்கொள்கிறான். மே ஒரு சொல்லும் பேசாமல் பற்றியிருந்த கையை விலக்கிக்கொண்டு மாடிக்குச் செல்கிறார். ஆறுதல் உடனே வாராமையே இக்காட்சியின் வலிமை. பின்னொரு நாள் அவர் மன்னித்து, பக்கத்து வீட்டுச் சிறுவனை முன்னிறுத்தி, மக்களுக்கு வீரன் ஒருவன் ஏன் தேவை என்பதை எடுத்துரைக்கிறார். மன்னிப்புக்கு வேண்டிய காலத்தைப் படம் கொடுத்திருப்பதால் அம்மன்னிப்பு நம்பத்தக்கதாகிறது.

இடையில், ஆற்றலின்றியே தீப்பற்றிய கட்டடத்துள் புகுந்து ஒரு குழந்தையைப் பீட்டர் மீட்கிறான். மற்றொருவர் உள்ளே இறந்தார் என்பதும் அவன் காதில் விழுகிறது. ஆற்றல் இல்லாத நிலையிலும் கடமை அவனை விடவில்லை. முதற்படத்தில் கடமை குற்றவுணர்விலிருந்து பிறந்தது. இங்கு அது தேர்விலிருந்து பிறக்கிறது. இவ்வேறுபாடே இரண்டாம் படம் முதற்படத்தின் மறுபதிப்பாகாமல் காக்கிறது.

முகமூடியும் மெய்ப்பாடும்

உள்ளத்து நிகழ்வு உடலின்வழிப் பிறர்க்குப் புலனாவதே மெய்ப்பாடு. முகம் முழுதும் மறைத்த நாயகனிடத்தில் மெய்ப்பாடு எவ்வாறு தோன்றும்? இவ்வகைப் படங்கள் அனைத்தும் எதிர்கொள்ளும் இச்சிக்கலை இப்படம் கதையின் பொருளாகவே ஆக்கிக்கொள்கிறது. இதன் பிற்பகுதியில் பீட்டரின் முகம் பிறர்க்குத் தெரியவரும் நிகழ்வுகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு கடன் தீர்க்கப்படும் இடமாகிறது.

ஓடும் தொடர்வண்டியை வலைகளால் இழுத்து நிறுத்தி மயங்கி வீழ்பவனைப் பயணிகள் தலைக்குமேல் கைமாற்றி உள்ளே கிடத்துகிறார்கள். முகமூடியற்ற அம்முகத்தைக் கண்ட ஒருவர், தம் மகனைவிட மூத்தவனல்லன் என வியக்கிறார். இரு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பித் தந்து, யாருக்கும் சொல்வதில்லை என உறுதி கூறுகிறார்கள். பகைவன் மீண்டும் வரும்போது பயணிகள் அவனுக்கும் பீட்டருக்கும் இடையே நிற்கிறார்கள். அவர்களால் பகைவனை வெல்ல இயலாது, ஆயினும் நிற்கிறார்கள். பெருமிதத்துக்குத் தொல்காப்பியர் கூறும் களன்களுள் தறுகணும் கொடையும் உண்டு. அவ்விரண்டும் இங்கு நாயகனிடமிருந்து பெயரறியாத மக்களிடம் செல்கின்றன. படம் முழுதும் கொடுத்துக்கொண்டே இருந்தவன் முதன்முறையாகப் பெறுபவனாகிறான். பார்ப்பவர் அடையும் நிறைவின் உச்சம் இதுவே.

அடுத்து ஹேரி முகமூடியை அகற்றித் தன் நண்பனைக் காண்கிறான். சினம் குழப்பமாக மாறுகிறது. பின்னர், இயந்திரக் கைகளின் ஆளுகைக்கு உட்பட்ட அறிவியலாளர் ஆக்டேவியஸிடம் பீட்டர் தானே முகத்தைக் காட்டுகிறான். அம்முகம் தம் இல்லத்தில் விருந்துண்ட மாணவனின் முகம் என அறிந்த ஆக்டேவியஸ் மனம் மீண்டு, தாம் ஆக்கிய அழிவுக் கருவியை ஆற்றில் ஆழ்த்தித் தாமும் மூழ்குகிறார். பகைவனை வெல்வது வலிமையன்று, மறைப்பின்மையே வெல்கிறது. அதே வேளையில் மேரி ஜேனும் உண்மையைக் காண்கிறாள்.

இப்படத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. பீட்டரின் ஆற்றல் குன்றுதற்கும் மீளுதற்கும் தெளிவான காரணம் கூறப்படவில்லை. மேரி ஜேன் முதற்படத்தைப் போலவே மீண்டும் சிறைப்பிடிக்கப்படும் பெண்ணாகிறாள். எனினும், முதற்படத்தில் அவளுக்கு மறுக்கப்பட்ட தேர்வு இறுதியில் அவளிடமே வந்து சேர்கிறது. தனக்கு வரும் ஆபத்தைத் தான் ஏற்பதா என்பதைத் தானே முடிவுசெய்வதாகக் கூறி, திருமணக்கோலத்தில் அவள் பீட்டரின் அறைக்கு வருகிறாள். விளம்பரப் பலகையில் தெரியும் அவள் முகத்தோடு தொடங்கிய படம், அபாயச் சங்கொலி கேட்டு அவன் சென்றபின் சாளரத்தருகே கவலையோடு நிற்கும் அவள் முகத்தோடு முடிகிறது. உவகையில் அச்சம் கலந்த இம்முடிவு, செலுத்தவேண்டிய விலை இனியும் உண்டு என்பதை மறைப்பதில்லை.

பிற தொடர்ச்சிகளோடு ஒப்பீடு

நாயகன் ஆற்றலைத் துறக்கும் இதே கதைக்கூறு 1980இல் வெளிவந்த ‘சூப்பர்மேன் 2’ படத்திலும் உண்டு. லோயிஸ் மீதுள்ள காதலால் ஆற்றலைத் துறந்த நாயகன் உணவகமொன்றில் அடிபட்டுக் குருதி சிந்தும் காட்சி உருக்கமானது. ஆனால் இறுதியில் ஒரு முத்தத்தால் லோயிஸின் நினைவு அழிக்கப்படுகிறது. 2006ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ரிச்சர்ட் டோனர் வடிவத்திலும் காலம் பின்னோக்கித் திருப்பப்பட்டு இதே விளைவு ஏற்படுகிறது. கடன் தீர்க்கப்படவில்லை, கணக்கே கிழிக்கப்படுகிறது. இரு படங்களையும் ஒருங்கு நோக்கும்போது, அறிந்ததை அறிந்தவாறே வைத்திருக்கும் துணிவு நிறைவுக்கு இன்றியமையாதது என்பது புலனாகிறது.

2007ஆம் ஆண்டின் ‘ஸ்பைடர்மேன் 3’ மற்றொரு வகையில் தவறுகிறது. பென்னைக் கொன்றவன் பிளின்ட் மார்கோ என்னும் வேறொருவன் என அது வெளிப்படுத்துகிறது. இதனால் தப்பவிட்ட திருடனுக்கும் பென்னின் இறப்புக்கும் உள்ள தொடர்பு நெகிழ்கிறது; பீட்டரின் குற்றவுணர்வும் மேயிடம் அவன் ஒப்புக்கொண்டதும் பின்னோக்கி வலிமை இழக்கின்றன. பகைவர் எண்ணிக்கை கூடியும் பழைய கடன் குறைந்துவிடுகிறது. இறுதியில் மார்கோவைப் பீட்டர் மன்னிக்கும் காட்சி உயர்ந்ததே. ஆயினும் அதற்கு அடிப்படையான கடன் புதிதாகப் புனையப்பட்டதால் முழுப்பயன் தரவில்லை.

2008ஆம் ஆண்டின் ‘தி டார்க் நைட்’ நம் கருதுகோளுக்கு அரண் செய்கிறது. முகமூடியணிந்தவன் தோன்றினால் பகையும் அதற்கேற்ப வளரும் என்னும் எச்சரிக்கையோடு 2005இன் முற்படம் முடிந்திருந்தது. அவ்விளைவைத் தொடர்ச்சிப் படம் முழுமையாக எடுத்துக்கொண்டு, பிறன் செய்த கொலைகளின் பழியை நாயகன் தானே ஏற்பதில் முடிகிறது.

முடிவுரை

2021ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ படத்தில், 17 ஆண்டுகளுக்குப் பின் ஆக்டேவியஸும் பழைய பீட்டரும் மீண்டும் சந்திக்கும் சிறுகாட்சி பலரை நெகிழவைத்தது. அங்குப் போரில்லை, நலம் உசாவும் சில சொற்களே உள்ளன. அவற்றுக்கு வலிமை தருவது 2004ஆம் ஆண்டுப் படத்தில் காட்டப்பெற்ற முகம்.

தொடர்ச்சிப் படம் பார்ப்பவரின் நினைவை முதலீடாகக் கொள்கிறது. அந்நினைவைப் பெயர்களாலும் பழைய காட்சிகளாலும் தூண்டுவது எளிது. ஆனால் முன்பு நாயகன் எடுத்த உறுதியை நாம் மதித்தோம் என்பதும் அந்நினைவின் பகுதி. அதற்கு விலையில்லை எனக் காட்டும் படம் நம் மதிப்பையும் பொய்யாக்குகிறது. ‘ஸ்பைடர்மேன் 2’ அவ்வுறுதியை இழவு, வறுமை, இளிவு, அசைவு என்னும் நான்கின் ஊடாகவும் நடத்திச் சென்று, இறுதியில் அதனைக் கொடையாக மீட்டுத் தருகிறது. வெகுசனக் கலை என ஒதுக்கப்படும் இவ்வகைப் படங்களையும் மெய்ப்பாட்டியல் நோக்கில் ஆராய்வது அவற்றின் தரவேறுபாட்டைத் தெளிவாக அறியத் துணைபுரியும்.