பாகப்பத்திரத்தில் மனிதர்கள்

திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் நடந்த வழக்கை நாம் பக்திக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்த ஒரு கிழவர், மாப்பிள்ளை தனக்கு அடிமை என்கிறார். மாப்பிள்ளையின் பாட்டன், தானும் தன் வழி வருவோரும் அடிமை என்று எழுதிக்கொடுத்த ஆளோலைதான் அவருடைய சாட்சியம். மாப்பிள்ளையான சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழிந்தது படி, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது. பாட்டன் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சபையார் தீர்ப்புச் சொல்கிறார்கள். கிழவர் சிவபெருமான் என்பதைச் சற்று ஒதுக்கிவைத்துப் படித்தால், 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் ஒரு சொத்து வழக்கின் நடைமுறையை ஒழுங்கு பிசகாமல் எழுதியிருப்பது தெரியும். அந்தணர் இன்னோர் அந்தணருக்கு அடிமையாவது உண்டா என்ற ஆட்சேபம் அங்கே எழுகிறது. பாட்டன் எழுதிய எழுத்து பேரனைக் கட்டுமா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

தமிழக அடிமைமுறை பற்றிய ஆய்வுகளை வரிசையாகப் படித்துவந்தால், சபையார் கேட்காத அந்தக் கேள்வியை ஆய்வாளர்களும் அதிகம் கேட்கவில்லை என்று தோன்றுகிறது. அடிமை எப்படி உழைத்தார், எந்தச் சாதி, எவ்வளவு கூலிநெல் என்றெல்லாம் நிறைய எழுதியிருக்கிறார்கள். எசமான் செத்ததும் அந்த அடிமை எந்த மகனுக்குப் போனார், எந்த மகளோடு சீதனமாகப் போனார் என்பதைப் பற்றி எழுதியது கொஞ்சம்தான்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே உயிலும் சொத்து மதிப்பீட்டுப் பட்டியலும் நீதிமன்றப் பதிவேடுகளில் கிடந்தன. வரலாற்றாசிரியர்கள் அங்கிருந்தே தொடங்கினார்கள். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662இல் சட்டம் போட்டது. அது என்ன செய்தது என்பதை ஆனெட் கார்டன்-ரீட் ஹெமிங்ஸ் குடும்பத்தைப் பற்றி 2008இல் எழுதிய நூலில் பார்க்கலாம். 1773இல் ஜான் வேல்ஸ் இறந்ததும், அவருடைய மகள் வழியாக 135 அடிமைகள் மருமகன் தாமஸ் ஜெஃபர்சனிடம் வந்துசேர்ந்தார்கள். கூடவே கடனும் வந்தது. அந்த 135 பேரில் எலிசபெத் ஹெமிங்ஸுக்கு வேல்ஸ் மூலம் பிறந்த பிள்ளைகளும் உண்டு. அப்பாவுக்குப் பிறந்தவர்களையே மகள் சொத்தாகப் பெற்றாள்.

ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணை இன்னொரு விதம். தனக்குச் சொந்தமான 123 பேருக்கு அவர் 1799 உயிலில் விடுதலை எழுதிவைத்தார். மற்ற 153 பேர் மனைவியின் முதல் கணவர் குடும்பத்துச் சொத்து. அவர்கள்மேல் அவருக்கு உரிமையில்லை. இரு தரப்பாரும் ஒரே பண்ணையில் கலியாணம் கட்டி வாழ்ந்தவர்கள். ஆகவே ஒரே குடும்பத்தில் கணவனுக்கு விடுதலை, மனைவியும் பிள்ளைகளும் எசமானியின் பேரப்பிள்ளைகளுடைய பங்கு என்று ஆனது. ஸ்டெஃபனி ஜோன்ஸ்-ரோஜர்ஸ் 2019இல் எழுதிய நூல் பெண்களின் பக்கம் திரும்பிற்று. ஆண்களுக்கு நிலம், பெண்களுக்கு ஆட்கள் என்று பெற்றோர் பிரித்துக் கொடுத்ததையும், அந்தப் பெண்கள் தம் ‘ஆட்களை’ எவ்வளவு கறாராக நிர்வகித்தார்கள் என்பதையும் அது காட்டுகிறது.

நம் பக்கம் வருவோம். 1965இல் வந்த தர்மா குமாரின் நூல்தான் இந்தத் துறைக்கு அடித்தளம். நிலமற்ற உழைப்பாளிகளை ஆங்கிலேயர் உண்டாக்கவில்லை, அவர்கள் வருவதற்கு முன்பே சாதி அந்த வேலையைச் செய்துவிட்டது என்று அவர் வாதிட்டார். 1967இல் பெனிடிக்டே ஹேய்லே தென்னிந்திய வேளாண் அடிமைத்தனம் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். சா. மாணிக்கம் 1982இல் தமிழ்நாட்டு அடிமைமுறையை முழுதாகத் தொகுத்துப் பார்த்தார். ஆ. சிவசுப்பிரமணியனின் ‘தமிழகத்தில் அடிமைமுறை’ அதைத் தமிழ் வாசகரிடம் கொண்டுசேர்த்தது. 2014இல் ரூபா விஸ்வநாத், சட்டம் ஒழித்த பிறகும் அரசும் மிராசுதாரரும் கைகோத்து அந்த உறவை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று எழுதியதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனாலும் இவர்கள் எல்லோருடைய பார்வையும் வயலில் நிற்கிறது. வீட்டுக்குள், அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும் திண்ணைக்குப் போவதில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. இங்கே பண்ணையடிமை பெரும்பாலும் நிலத்தோடு ஒட்டியவர். மிராசுப் பங்கு கைமாறினால் சேரியில் இருப்பவர்களும் சேர்ந்து கைமாறினார்கள். தனியாகப் பெயர் எழுதி விலை போடவேண்டிய அவசியம் பல இடங்களில் வரவில்லை. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், மிராசு பற்றிய 17 கேள்விகளுக்கு எழுதி 1818இல் அச்சான பதில்களிலும் அடிமை என்ற பேச்சு நிலத்தைப் பற்றிய பேச்சின் ஓரத்திலேயே வருகிறது. பாகப்பிரிவினை அந்த மனிதர்களை நிலத்துக்குள் மறைத்துவிட்டது.

மறைக்காத இடங்களும் உண்டு. மலபாரில் 1800-01இல் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், அடிமையைக் கைமாற்ற மூன்று வழிகளைக் குறித்துவைத்தார்: ஜென்மமாக விற்கலாம், காணமாக அடகு வைக்கலாம், பாட்டத்துக்கு விடலாம். நிலத்துக்கு என்ன மூன்று வழியோ அதேதான். ஆணுக்கு வருஷப் பாட்டம் 8 பணம். பெண்ணுக்கு அதில் பாதி. நாஞ்சில் நாட்டில் அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடி எடுத்தார், பின்னால் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். ஒரு வீட்டுப் பரணிலிருந்து வந்த ஆவணத்தொகுதி அது. அடிமைகள் கைமாறிய ஓலைகளும் அதில் இருக்கின்றன. நாஞ்சில் நாட்டில் ஒரு வீட்டில் இருந்ததென்றால் தஞ்சாவூரில் எத்தனை வீட்டில் இருந்திருக்கும்!

மிகத் தெளிவான சாட்சியம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. டச்சுக்காரர் ஆட்சியில், அங்கே பல்லாண்டு திசாவையாக (மாவட்ட நிர்வாகியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706-07இல் ஊர் வழக்கங்களைத் தொகுத்தார். தமிழில் பெயர்த்து, 12 முதலியார்கள் படித்துச் சரியென்று ஒப்பிய பிறகு அது தேசவழமைச் சட்டமானது. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (சம்பாதித்த சொத்து) என்று சொத்தை மூன்றாகப் பிரித்து, எது யாருக்கு என்று சொல்லும் வாரிசுச் சட்டம் அது. அதே ஏட்டில் கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோர் அடிமைகள் என்று ஒரு பகுதி உண்டு. சீதனமாகப் போகக்கூடிய சொத்தில் நகை, நிலத்தோடு அடிமைகளும் சேர்த்தி. பிள்ளைகள் தாயின் எசமானுக்கே உரியவர்கள். வர்ஜீனியாச் சட்டத்தைக் கேள்விப்படாத ஊரில் அதே விதி. சீதனம் தாய் வழியாக மகளுக்குப் போகும் சமூகத்தில், எசமானியின் மகளும் அடிமையின் மகளும் ஒரே தாய்வழிக் கணக்கில் இறங்கி வருகிறார்கள். ஜோன்ஸ்-ரோஜர்ஸ் போல ஒருவர் யாழ்ப்பாணத்துச் சீதன உறுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பெரிய நூல் கிடைக்கும். நிரா விக்கிரமசிங்க 2020இல் வெளியிட்ட இலங்கை அடிமைமுறை நூல் அந்தத் திசையில் நல்ல தொடக்கம்.

விடுதலையும் அங்கே வாரிசு விதியின் வழியாகவே வந்தது. அடிமை வைத்திருந்தவர்களை அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் 1816இல் இணங்கவைத்தபோது, அந்த ஆண்டு ஆகஸ்ட் 12க்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்றுதான் ஏற்பாடு. தாய் அடிமையாகவே இருப்பாள். இலங்கையில் முழு ஒழிப்புக்கு 1844 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் 1843இன் ஐந்தாம் சட்டம் நாலே பிரிவு. அடிமை மீதான உரிமையை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தாது என்ற இரண்டாம் பிரிவைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு மூன்றாம் பிரிவு முக்கியம். ஒருவர் உழைத்தோ, வாரிசாகவோ, தானமாகவோ பெற்ற சொத்தை, அவரோ அவருக்குச் சொத்தைக் கொடுத்தவரோ அடிமையாக இருந்தார் என்று காரணம் காட்டிப் பறிக்கக்கூடாது என்கிறது அது. சொத்தாக இருந்தவர் இனிச் சொத்து வைத்திருக்கலாம், பிள்ளைக்கு விட்டுப்போகலாம். காகிதத்தில் சரி. ஆனால் விட்டுப்போக என்ன இருந்தது? குடிசை நின்ற மண்ணே மிராசுதாரருடையது.

அந்த மண்ணுக்குப் பட்டா கிடைக்க இன்னும் 128 ஆண்டு ஆயிற்று. 1971இல் கருணாநிதி அரசு கொண்டுவந்த குடியிருப்பு உரிமைச் சட்டம், விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனைக்கட்டை அவருக்கே சொந்தமாக்கியது. திருக்குவளைக்காரரான முதல்வருக்குப் பண்ணையார் மனைக்கட்டு என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.   அடிமைகளைப் பத்திரங்களில் தேடலாமா? சென்னையில் எங்கள் கோபாலபுரத்தில் அவ்வை சண்முகம் சாலைப் பக்கம் பழைய வீடு ஃபிளாட் ஆகும்போதெல்லாம் பில்டர் முதலில் கேட்பது மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும். காவிரிக்கரை நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்கு வந்த குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களுடைய பத்திரக் கட்டுகளில் அடிமை இருக்கமாட்டார். பத்திரப் பதிவுச் சட்டம் 1860களில் வந்தது. அதற்குள் நீதிமன்றம் அடிமை உரிமையைக் கைவிட்டு இருபது வருஷம் ஆகிவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுவது வீண். அதற்கு முந்திய ஓலைகள் வீட்டில்தான் இருந்தன, இருந்தால்.

உரிமை போன இடத்தில் கடன் வந்து உட்கார்ந்தது. அப்பன் வாங்கிய முன்பணத்துக்கு மகன் பண்ணையில் நின்றான். 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமை முறைக்குத் தரும் வரையறையில், முன்னோர் பட்ட கடனும் வாரிசுரிமையாக வந்திறங்கும் கடமையும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. ஆய்வாளர்கள் தொடாமல் விட்ட கேள்வியை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள்.