நிகமனமும் முடிவுரையும்: அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' உரையின் இறுதிப் பகுதி

முன்னுரை

ஒரு கருத்தை நிறுவிப் பிறரை அதன்பால் ஈர்க்கும் நோக்குடன் எழுதப்பெறும் உரைநடையை வாதவுரை எனலாம். அதன் முடிவுரை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கு வகுப்பறைகளில் வழங்கிவரும் விதிகள் சிலவே. முன்னர்க் கூறியவற்றைத் தொகுத்துரைக்க வேண்டும். புதிய செய்தி எதனையும் சேர்த்தல் கூடாது. உறுதியான குரலில் முடித்தல் வேண்டும். பள்ளிக் கட்டுரை முதல் முனைவர் பட்ட ஆய்வேடு வரை இவ்விதிகளே ஆட்சி செய்கின்றன. இவ்விதிகள் வாதவுரைக்கு எந்த அளவு பொருந்தும் என்பதைத் தமிழ் அளவை மரபின் துணைகொண்டும், அண்ணல் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' உரையைச் சான்றாகக் கொண்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவை மரபில் முடிவு

முடிவு கூறுதல் தேவைதானா என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியை உணர்த்துகிறார். அங்குப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகள் பேசப்படுகின்றன. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம்; அங்குப் புகை இருத்தல் ஏது; அடுக்களை திட்டாந்தம்; இம்மலையும் புகையுடையது எனப் பொருத்திக் காட்டல் உபநயம்; ஆகவே நெருப்புடையது என முடித்தல் நிகமனம். நியாய நூலார் ஐந்துறுப்பும் வேண்டும் என்பர். காப்பியம் முன்வைக்கும் பௌத்த அளவை நெறியோ உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்துள்ளேயே அடங்கும் எனக் கொள்கிறது.

இக்கொள்கை இன்றைய முடிவுரைகள் மீதான கூர்மையான திறனாய்வாகவும் அமைகிறது. ஏதுவும் எடுத்துக்காட்டும் செவ்வனே அமைந்துவிட்டால் முடிவு தானே பெறப்படும். அதனை மீண்டும் கூறுவது மிகை. முன்னர்க் கூறியதைச் சொல் மாற்றிக் கூறும் முடிவுரை, நிகமனம் என்னும் உறுப்பை வடிவளவில் நிரப்புவதன்றிப் பிறிதொரு பணியும் ஆற்றுவதில்லை.

ஆயினும் மெய்ப்பித்தல் வேறு, இணங்கச் செய்தல் வேறு. மலையில் நெருப்பு உண்டு என அறிந்தவன் எதுவும் செய்ய வேண்டுவதில்லை; அறிதலோடு அளவையின் பணி முற்றுகிறது. வாதவுரையின் பணியோ கேட்போர் செயலில் முற்ற வேண்டியது. 'இது உண்மை' என்பதற்கும் 'இதனைச் செய்யக் கடமைப்பட்டவர் யார்' என்பதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியைக் கடப்பதே முடிவுரைக்குரிய தனிப்பணி.

எங்கு முடிப்பது என்னும் பூசல்

'சாதி ஒழிப்பு' நிகழ்த்தப்படாத தலைமையுரை. இலாகூரின் சாத்பாத் தோடக் மண்டலம் தன் 1936ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935 அக்டோபரில் இயோலாவில் அவர் அறிவித்திருந்தார். உரையின் படியைக் கண்ட மண்டலத்தார், சமய நூல்களின் அறத்தை ஐயுறும் பிற்பகுதியையும் இந்து சமயத்தை விட்டு நீங்குவது பற்றிய குறிப்பையும் பொருத்தமற்றவை எனக் கருதினர். அவற்றை விலக்கி, முன்னர்த் தம்மிடம் தரப்பெற்ற பகுதியோடு உரையை முடித்துக்கொள்ளுமாறு 1936 ஏப்ரலில் கடிதம் எழுதினர். அம்பேத்கர் ஒரு காற்புள்ளியையும் மாற்ற இசையவில்லை. மாநாடு கைவிடப்பட்டது. அவர் அவ்வுரையைத் தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார்.

இந்நிகழ்வு முடிவுரை பற்றிய ஆய்வுக்கு அரியதொரு சான்று. சாதியின் தீமைகளை விரிக்கும் பகுதிகளோடு உரை முடிந்திருந்தால் அதனைக் கேட்க அவையினர் அணியமாகவே இருந்தனர். அத்தீமைகளிலிருந்து பெறப்படும் முடிவையே அவர்களால் ஏற்க இயலவில்லை. ஏதுவை ஏற்று நிகமனத்தை மறுத்த அவை அது எனலாம். பௌத்த அளவை கூறியவாறு முடிவு ஏதுவிலும் எடுத்துக்காட்டிலும் அடங்கியிருந்தும், அதனை வெளிப்படக் கூறியாக வேண்டிய தேவை இங்கு எழுகிறது. கேட்போர் தாமாக அங்குச் சென்று சேர விரும்பாத இடத்தில் முடிவுரை மிகையாவதில்லை.

இறுதிப் பகுதியின் அமைப்பு

அவ்வுரையின் இறுதிப் பகுதி வழக்கிலுள்ள விதிகளை ஒவ்வொன்றாக மீறுகிறது. முதலாவதாக, அது தொகுத்துரைப்பதில்லை; உரை நீண்டுவிட்டது என்னும் ஒப்புதலே அங்குக் காணப்படுகிறது. இரண்டாவதாக, பேசுவோரின் தகுதி இறுதியில் வைக்கப்படுகிறது. தாம் அதிகாரத்தின் கருவியாக இருந்ததில்லை என்பதையும், ஒடுக்கப்பட்டோர் விடுதலைக்கான உழைப்புக்குத் தாம் பெற்றது வசைமாரியே என்பதையும் அம்பேத்கர் அங்கேதான் கூறுகிறார். தொடக்கத்தில் கூறியிருந்தால் இது தற்புகழ்ச்சியாகத் தோன்றியிருக்கும். வாதம் முழுவதையும் கேட்ட பின் கூறப்படுவதால் வாதத்துக்குரிய ஈட்டுறுதியாகிறது.

மூன்றாவதாக, தம் கருத்துகள் அவையினரின் எண்ணத்தை மாற்றும் என்று தாம் நம்பவில்லை என்கிறார். உறுதியான குரல் வேண்டும் என்போர்க்கு இது தளர்வாகத் தோன்றலாம். ஆனால் இதனை அடுத்து வரும் கருத்து, மாறினும் மாறாவிடினும் பொறுப்பு அவையினருடையதே என்பதாகும். தம் வழியில் இல்லையெனினும் அவர்கள் தத்தம் வழியிலேனும் சாதியை வேரறுக்க வேண்டும் என்கிறார். இங்கு மறுக்கும் உரிமை கேட்போரிடம் விடப்படுகிறது. வாளாவிருக்கும் உரிமை மட்டும் பறிக்கப்படுகிறது. தாம் உடன் இருக்கப்போவதில்லை என்னும் அறிவிப்பும் இப்பொறுப்பை அவர்கள் தோளிலேயே நிறுத்துகிறது.

நான்காவதாக, நாட்டு விடுதலைப் போரினும் சாதி ஒழிப்புப் போர் கடினமானது என்னும் ஒப்பீடு இறுதியில் வருகிறது. முன்னதில் நாடே துணை நிற்கும். பின்னதில் சொந்த நாட்டையே எதிர்த்து நிற்க வேண்டும். இது புதுச் செய்தி போலத் தோன்றினும் அன்று. அரசியல் சீர்திருத்தத்துக்கு முன் சமூகச் சீர்திருத்தம் வேண்டும் என்பதைக் காங்கிரசு, சமூக மாநாடு ஆகியவற்றின் வரலாற்றைக் கொண்டு உரையின் தொடக்கப் பகுதிகளே நிறுவுகின்றன. அங்கு அரசியலாரை நோக்கி எழுந்த வாதம் இங்குச் சீர்திருத்தக்காரர் மீது பொருத்தப்படுகிறது. அளவை நூலார் உபநயம் என்ற உறுப்பின் பணியே இது. புதிய சான்று முடிவுரைக்கு ஆகாது. பழைய சான்றின் புதிய பொருத்தம் ஆகும் என இவ்விதியைத் திருத்திக்கொள்வது தகும்.

வெற்றிருக்கை

இம்முடிவுரைக்கு ஓர் எல்லையும் உண்டு. அதன் 'நீங்கள்' சாதி இந்துச் சீர்திருத்தக்காரரையே சுட்டுகிறது; சாதியால் ஒடுக்கப்பட்டோர்க்கு அங்கு நேர்விளி இல்லை. 1937ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு முன்னுரையிலேயே இவ்வுரை தமிழிலும் குசராத்தியிலும் பெயர்க்கப்பட்டமை குறிக்கப்படுகிறது. அவ்வாறு பயின்ற வாசகர் பலர் அந்த 'நீங்கள்' அல்லர். எனினும் அவை கூடாமையால் அவ்விளி உரியவரற்ற இருக்கையாகவே நிற்கிறது. பயிலும் ஒவ்வொருவரும் அது தம்முடைய இருக்கையா என முடிவு செய்தாக வேண்டும். உரை நிகழ்த்தப்படாமையே முடிவுரையின் வீச்சைப் பெருக்கியது.

நிறைவாக

தமிழ்த்துறைகளில் ஆண்டுதோறும் அளிக்கப்பெறும் ஆய்வேடுகளின் முடிவுரைகள் பெரும்பாலும் இயல்களின் சுருக்கமாகவே முடிகின்றன. அவற்றை மதிப்பிடுவோர் இயல்கள் அனைத்தும் தொகுக்கப்பட்டுள்ளனவா எனக் காண்பதற்கு முன் வேறொன்றைக் கேட்கலாம். இம்முடிவை ஏற்றால் எவர் எதனைக் கைவிட வேண்டியிருக்கும்? இதற்கு விடை தராத முடிவுரையை நீக்கிவிட்டாலும் ஆய்வேடு குறைவதில்லை. விடை தரும் முடிவுரையை நீக்குமாறு எவரேனும் கேட்கக்கூடும். அதற்கு இசையாத துணிவும் ஆய்வாளர்க்கு வேண்டும்.