யாரு கிழிச்ச கோடு?

மறைமலையடிகள் பெயர் தாங்கிய ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். 1923-இல் 'வேளாளர் நாகரிகம்' எழுதியவர் அவர். உழவைக் கண்டவர் வேளாளர், ஆகவே தமிழ் நாகரிகம் அவர்கள் ஆக்கியது என்பது அந்நூலின் சாரம். பார்ப்பனியத்துக்கு எதிராக அந்த வாதத்துக்கு இருந்த தேவையை நான் மறுக்கவில்லை. ஆனா சேத்துல நின்னவன் அந்தக் கதையில எங்க?

கதை பழசு. ஆதொண்டைச் சக்கரவர்த்தி குறும்பரை வென்று, அவர்களின் 24 கோட்டங்களையும் பிடித்து, காடழித்து வேளாளரைக் குடியேற்றினான் என்பது தொண்டைமண்டல மரபு. கலெக்டர் எல்லிஸ் 1818-இல் மிராசி உரிமை பற்றி எழுதியபோது இதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார். வாய்வழிக் கதை சொத்துப் பத்திரமாயிற்று.

தொண்டைமண்டல வரைபடங்களைப் பாருங்கள். கோட்டம் இருக்கும், நாடு இருக்கும். சேரி இருக்காது. அக்காலத்தில் சேரியே இல்லையா? ராஜராஜனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டு, வரி நீங்கிய நிலங்களை எண்ணும்போது ஊர்நத்தம், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு என்று வரிசையாகச் சொல்கிறது. கல்லில் இருப்பது காகிதத்தில் காணோம்.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. போலந்தில் பிஸ்குபின் என்ற இடத்தில் 1933-இல் பழங்கால மரக்கோட்டை ஒன்று கிடைத்தது. ஸ்லாவியரின் மூதாதையர் கட்டியது என்றார்கள் போலந்து ஆய்வாளர்கள். 1940-இல் ஹிட்லரின் எஸ்.எஸ். படை அங்கே தோண்டி, ஜெர்மானியப் பெருமையைத் தேடியது. ஒரே மரம், ஒரே மண். நிலத்தைப் பிடித்தவன் கைக்கு ஏற்ப வரைபடத்தின் வண்ணம் மாறியது.

இங்கே அந்த வண்ணத்துக்கு விலை கொடுத்தது யார்? தரிசு நிலத்திலும் மிராசுதாருக்கே முதல் உரிமை என்றிருந்ததால் பறையர் ஒரு காணி பெற முடியாமல் கிடந்ததை, செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் அறிக்கையாக எழுதினார். 1892-இல் நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். நூறு வருஷம் கழித்து, பறிபோன அந்த நிலத்தைக் கேட்ட காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார்கள்.

ஆதொண்டை கதையில் வந்தேறியவருக்குப் பெயர் உண்டு, பட்டம் உண்டு, காணி உண்டு. தோற்றவருக்கு ஒரு குலப்பெயர் மட்டும். காட்டை வெட்டிய, ஏரி வெட்டிய கைகளுக்கு அதுவும் இல்லை. ஆகவே தமிழ் படிக்கிற நம் பிள்ளைகள் வரைபடத்தை விரித்ததும் முதலில் கேட்க வேண்டியது: இதுல யாருக்குப் பட்டா எழுதியிருக்கு?