சுருள் சிரையும் லேசர் விளம்பரமும்

பேருந்தின் பின்கண்ணாடியிலோ செய்தித்தாளுக்குள் மடித்து வைத்த துண்டுத்தாளிலோ இந்த விளம்பரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீலப் பாம்புகள் போல் நாளங்கள் புடைத்த கால் ஒன்று, அதன் பக்கத்தில் வழவழப்பான கால் ஒன்று, நடுவே ஒரு சிவப்புக் கதிர். கத்தி இல்லை, தையல் இல்லை, வலி இல்லை, நரம்புச் சுருட்டலுக்கு லேசரால் ஒரே நாளில் தீர்வு என்ற பாணியில் வாசகங்கள். நூல்களுக்கு விமரிசனம் எழுதுவது போல இதற்கும் ஒன்று எழுதினால் என்ன என்று தோன்றியது. நல்லூர், விருத்தாசலம் வட்டாரத்தில் நூல் படிப்பவர்களைவிட இதைப் படிப்பவர்கள் அதிகம். படித்துவிட்டுக் கடன் வாங்கப் போகிறவர்களும் உண்டு. பீங்கான் பட்டறைகளில் அச்சு மேசைக்கு முன்னால் நாள் முழுதும் நிற்பவர்களின் கால்களைப் பார்த்தவர்களுக்கு, விளம்பரக்காரர் ஏன் நம் பக்கம் வருகிறார் என்பது புரியும்.

'நரம்பு' என்ற சொல்லே முதல் கோளாறு. புடைப்பது நரம்பன்று, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு செல்லும் சிரை. பேச்சு வழக்கில் இரண்டையும் நரம்பு என்கிறோம், அதனால் பெரிய தீங்கில்லை. ஆனால் மருத்துவ விளம்பரமும் அப்படியே எழுதினால், நரம்புக்கு வலுவூட்டும் மருந்தைக் குடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை யார் திருத்துவது?

சிரைக்குள் ஒருவழி வால்வுகள் உண்டு. 1628-இல் வில்லியம் ஹார்வி தம் நூலில் காட்டிய சோதனையை நீங்களும் செய்யலாம். கையைத் தொங்கவிட்டுச் சிரைகள் புடைத்ததும் ஒன்றை ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். மற்றொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக இரத்தத்தை வழித்துவிட்டு, அந்த விரலை எடுங்கள். இடையிலுள்ள பகுதி வெறுமையாகவே நிற்கும். மேலேயுள்ள இரத்தம் வால்வைத் தாண்டிக் கீழே வராது. காலில் இந்த வால்வுகளுக்கு வேலை மிகுதி. நிற்கும் ஒருவரின் இதயத்துக்கும் கணுக்காலுக்கும் இடையே 120 செ.மீ. உயரம் என்று கொள்வோம். இரத்தத்தின் அடர்த்தி 1.06, பாதரசத்தின் அடர்த்தி 13.6, 120-ஐ 1.06-ஆல் பெருக்கி 13.6-ஆல் வகுத்தால் 9.35 செ.மீ., அதாவது 93 மில்லிமீட்டருக்குச் சற்று மேலான பாதரச அழுத்தம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பம்பு போல இயங்கி இதை 30 மில்லிமீட்டருக்கும் கீழே கொண்டுவந்துவிடும். வால்வு பழுதானால் மேலே தள்ளிய இரத்தம் திரும்பவும் இறங்கும்; அழுத்தம் குறையாது. சிரை தொய்ந்து நெளியும், கணுக்கால் தோல் கறுக்கும், முற்றினால் ஆறாப் புண்ணாகும்.

இனி லேசருக்கு வருவோம். படத்தில் உள்ள சிவப்புக் கதிரைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. இச்சிகிச்சையில் இன்று பரவலாகப் பயன்படும் 1470 நானோமீட்டர் கதிர் அகச்சிவப்பு, கண்ணுக்கே தெரியாது. இழையின் நுனி எங்கே இருக்கிறது எனக் காட்டுவதற்காக வலுக்குறைந்த சிவப்புக் கதிர் ஒன்றையும் கூட அனுப்புவார்கள். விளம்பரத்தில் மின்னுவது அந்த வழிகாட்டி. வேலை செய்வது வேறு.

அந்த வேலைதான் என்ன? முழங்கால் அருகே ஊசித்துளை வழியாகப் பெருஞ்சிரைக்குள் மெல்லிய ஒளியிழையைச் செலுத்துவார்கள். சிரையைச் சுற்றி மரப்பு மருந்து கலந்த உப்புநீரைப் பாய்ச்சுவார்கள். அது வலியைத் தடுக்கும், சிரையை இழையின் மீது நெருக்கும், பக்கத்துத் திசுக்களைச் சூட்டிலிருந்து காக்கும். பிறகு கதிரைச் செலுத்தியவாறே இழையை மெல்லப் பின்னுக்கு இழுப்பார்கள். சிரைச்சுவர் வெந்து சுருங்கி மூடிக்கொள்ளும். இரத்தம் ஆழத்திலுள்ள நல்ல சிரைகள் வழியே போய்விடும். கணக்குப் பாருங்கள்: 10 வாட் திறனில் சென்டிமீட்டருக்கு 7 நொடி என்றால் 70 ஜூல்; 40 செ.மீ. சிரைக்கு 2,800 ஜூல். 100 மில்லிலிட்டர் தண்ணீரை 7 பாகைகூடச் சூடாக்காத வெப்பம் இது! ஆயினும் மயிரிழை போன்ற இடத்தில் குவிவதால் போதுமானதாகிறது.

ஆக, இங்கே லேசர் செய்வது சூடாக்குவதே. 1999-இல் ஸ்பெயின் மருத்துவர் கார்லோஸ் போனே இம்முறையை முதலில் வெளியிட்டார். தொடக்க காலத்தில் 810 நானோமீட்டர் போன்ற அலைநீளங்களைக் கொண்டு ஹீமோகுளோபினைக் குறிவைத்தார்கள். பின்னர் வந்த 1470 தண்ணீரைக் குறிவைக்கிறது. இதே வேலையை ஒளியே இல்லாமல் செய்யும் கருவியும் இருக்கிறது. ரேடியோ அலைவரிசை மின்னோட்டத்தால் 7 செ.மீ. நீளமுள்ள முனையை 120 பாகை சென்டிகிரேடு வரை சூடாக்கி, ஓரிடத்தில் 20 நொடி வைத்து நகர்த்துவார்கள். சிரை அதிலும் மூடிக்கொள்கிறது. சூளையில் எரிந்தது விறகா, எண்ணெயா, காஸா என்று கேட்டா பீங்கானை எடைபோடுகிறோம்? எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எல்லாப் பக்கமும் ஏறியதா என்றுதானே சூளைக்காரரைக் கேட்போம்.

'வலியில்லை' என்பதையும் உரசிப் பார்க்கலாம். டென்மார்க்கில் 500 நோயாளிகளை லேசர், ரேடியோ அலை, நுரை மருந்து ஊசி, சிரையை உருவியெடுக்கும் பழைய அறுவை என நான்காகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வெளிவந்தது. சிகிச்சைக்குப் பிந்திய நாட்களின் வலி ரேடியோ அலைக்கும் நுரைக்கும் குறைவு. லேசரின் வலி அறுவையின் வலியை ஒட்டியே இருந்தது. நுனி திறந்த இழை பயன்பட்ட ஆய்வு அது. சுற்றிலும் கதிர் வீசும் இன்றைய இழைகளில் வலி குறைவு என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 'கத்தியில்லை' என்பதும் முக்கால் உண்மையே. நெளிந்த கிளைச் சிரைகளைச் சிறு கீறல் வழியே எடுக்க வேண்டி வருவதுண்டு. மரத்துப்போதல், தோல் சுடுதல், அரிதாக ஆழ்சிரையில் இரத்தம் உறைதல் ஆகியவையும் துண்டுத்தாளில் இடம்பெறுவதில்லை.

இதையெல்லாம் படித்து, லேசர் வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2013-இல், தகுதியானவர்களுக்கு வெப்ப முறைகளையே முதலில் தரச் சொன்னது. அந்நாட்டிலேயே ஆறாப் புண் உள்ள 450 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், கட்டுப் போடுவதோடு பழுதான சிரையையும் உடனே மூடியவர்களுக்குப் புண் ஆறிய இடைநிலைக் காலம் 56 நாள். சிரைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். களிம்பைத் தடவிக்கொண்டு புண்ணோடு பட்டறைக்கு வரும் பெரியவருக்குத்தான் இச்சிகிச்சை அவசரம். விளம்பரப் படத்திலோ புண் இல்லை. அழகைப் பற்றிய கவலைதான் இருக்கிறது! வலியோ வீக்கமோ இன்றித் தோலில் சிலந்தி வலை போல் சில கோடுகள் மட்டும் உள்ளவர் கடன் வாங்கி ஓட வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், விளம்பரத்தில் பெரிய எழுத்துப் பெறவேண்டிய பெயர் டாப்ளர். விண்மீன்களின் நிறத்தை விளக்குவதற்காக 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன விளைவு இன்று கேளா ஒலிக் கருவியில் அமர்ந்து, சிரையில் இரத்தம் எத்திசையில் ஓடுகிறது என்று சொல்கிறது. நோயாளியை நிற்கவைத்து, கெண்டைக்காலை அழுத்தி விடுவிப்பார்கள். இரத்தம் அரை நொடிக்கு மேல் பின்னோக்கிப் பாய்ந்தால் வால்வு பழுது. ஆழ்சிரை அடைபட்டிருக்கிறதா என்பதும் இதில்தான் தெரியும். அடைபட்டிருந்தால் மேற்சிரையே மாற்றுப் பாதையாக இருக்கலாம். அதையும் மூடினால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நிற்கவைத்து டாப்ளர் பார்த்தீர்களா, எந்தச் சிரை, எந்த இடத்தில் பழுது என்று கேளுங்கள். சரியான பதில் வராத இடத்தில் எந்த அலைநீளமும் உதவாது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இரத்தக்குழாய் அறுவைக்கெனத் தனித்துறையே உள்ளது. இரண்டாவது கருத்துக் கேட்க அதுவும் ஒரு வழி.

'ஒரே நாளில் தீர்வு' என்ற வரிதான் மிச்சம். மூடிய சிரை மூடியே இருந்தாலும் வேறு சிரைகள் பிற்காலத்தில் பழுதாகலாம். பெரும்பாலும் நின்று வேலை செய்பவர்கள் சுருள் சிரைக்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றே முக்கால் மடங்கு என 2005-இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்று கணித்தது. 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றத்தில், கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்னும் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தவர் அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வெ. கணேசன், நமக்குப் பக்கத்துத் திட்டக்குடித் தொகுதியின் உறுப்பினர். ஜவுளிக்கடைப் பெண்களுக்கு அதனால் நாற்காலி கிடைத்தது. தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி தரவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. மின்சக்தி இருந்தும் பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள பட்டறைகள் அதன் வரையறைக்குள் வரவில்லை. அச்சு மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போடவும், மணிக்கு ஒருமுறை கொட்டகையைச் சுற்றி நடந்துவர விடவும், லேசருக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்கே போதும்.