நேர்வழியன்றி வேறறியாத வண்டி

பழைய யந்திரங்களை வாங்குகிறவர்கள் அவற்றின் வேகத்தையோ அழகையோ எடுத்துச் சொல்லித் தங்கள் செலவை நியாயப்படுத்திக்கொள்வது வழக்கம். 1970-களின் ஸ்கீ-டூ ஆல்பைன் என்னும் பனிவண்டியை வாங்கியவனுக்கோ அந்த இரண்டு சமாதானங்களுமே கிட்டா. மற்ற ஸ்னோமொபைல்கள் பெரும்பாலும் முன்னே இரண்டு ஸ்கீயும் பின்னே ஒரு பட்டையுமாக ஓட, இது முன்னே ஒற்றை ஸ்கீயும் பின்னே அகன்ற ரப்பர்ப் பட்டைகள் இரண்டுமாகத் தலைகீழ் அமைப்பில் நிற்கிறது. முதல்முறை பார்ப்பவர்கள், ஸ்கீ ஒன்று வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டதென்று அனுதாபப்படுகிறார்கள். கியூபெக்கின் லோரன்ஷியன் மலைகளில் ஒரு குளிர்காலம் முழுவதும் அதனோடு குடித்தனம் நடத்திய பிறகு நான் துணிந்து வெளியிடக்கூடிய அபிப்பிராயம் ஒன்றே: இந்த வண்டி திரும்பாது.

மற்ற லட்சணங்களை அதிகம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. 640 என்று பெயர் சூட்டப்பட்ட ரோட்டாக்ஸ் எஞ்சின் உண்மையில் 635 கன சென்டிமீட்டர்தான். இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். பெட்ரோலில் எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். புகையும் சத்தமும் அக்காலத்து வழக்கப்படி தாராளம். சாவியைத் திருப்பினால் கிளம்புகிறது, என் வண்டியில் பின்னோக்கிச் செல்லவும் கியர் உண்டு. வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கொட்டகை மூலையில் பல வருஷங்கள் தூங்கிய வண்டியை விற்பனைக்குக் கொண்டுவருகிற பிரகிருதிகள், துரு ஏறிய தகட்டைச் சுரண்டிக்கூடப் பாராமல் அதன்மேல் புது மஞ்சள் வர்ணத்தை அடித்துவிட்டு, 'அப்படியே பழமை மாறாமல் இருக்கிறது' என்று சத்தியம் செய்வார்கள். அந்த மஞ்சளைக் கண்டு மயங்காமல், குனிந்து பட்டைகளின் ரப்பரை மடக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சினைச் சரிசெய்ய ஊருக்கு ஒரு கைதேர்ந்த மெக்கானிக் இருப்பார்; வெடித்துப்போன பட்டைக்கு மாற்று தேடுவதோ, அதுவும் ஒன்றல்ல இரண்டு தேடுவதோ, ஆயுளின் கணிசமான பகுதியை விழுங்கிவிடும்.

இனித் திரும்பாமைக்கு வருகிறேன். இரண்டு பட்டைகளும் பனியைக் கவ்வி நேரே செல்வதொன்றையே தர்மமாகக் கொண்டிருக்க, அவற்றுக்கு எதிராக வாதாடும் பொறுப்பு முன்னே உள்ள அந்த ஒற்றை ஸ்கீயின் தலையில் விழுந்திருக்கிறது. வழக்கு எந்தப் பக்கம் தீர்ப்பாகும் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கைப்பிடியைத் திருப்புகிறோம், ஸ்கீயும் கீழ்ப்படிந்து பக்கவாட்டில் திரும்புகிறது, ஆனால் வண்டி மட்டும் சற்றுமுன் எந்த மரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததோ அந்த மரத்தை நோக்கியே போய்க்கொண்டிருக்கிறது. கலவரத்தில் கட்டைவிரல் த்ராட்டிலை அழுத்திவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பாரமெல்லாம் பின்னே சென்று, ஸ்கீயின் மூக்கு பனியைவிட்டு எழும்பி, கொஞ்சநஞ்சம் இருந்த அதிகாரத்தையும் அது இழந்துவிடும். ஆகவே முறை இதுதான்: வளைவு வருவதற்கு வெகுதூரம் முன்பே எழுந்து நின்று, த்ராட்டிலைத் தளர்த்தி, பாரம் முன்னே சரிந்து ஸ்கீ பனியில் அழுந்தும் அந்தக் க்ஷணத்தில் கைப்பிடியைத் திருப்பி, உடம்பையும் வளைவின் உட்புறமாகச் சாய்த்து, வண்டி மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டும். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுத்தாலும் வீதிமுனையில் தேரின் போக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் கையில் இருப்பது போல, இங்கேயும் பலத்தைவிடச் சமயம் அறிவதே பெரிது.

இதைக் குறையென்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் ஸ்கீ-டூவைத் தயாரித்த பொம்பார்டியே கம்பெனியாரின் பூர்வோத்தரம் அறிந்தவர்களுக்கு இது குறையாகத் தோன்றாது. வால்கூர் கிராமத்து ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனி அடைத்த பாதைகளைத் தாண்டி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலாமல் தம் இரண்டு வயது மகனைப் பறிகொடுத்தவர். 1937-ல் அவர் காப்புரிமை பெற்றதும் பனியில் ஓடும் பட்டையையும் அதைச் செலுத்தும் பற்சக்கரத்தையும் பற்றியதே. வைத்தியர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்து சென்ற அவருடைய பெரிய மூடுவண்டிகளுக்கும் பின்புறம் இரட்டைப் பட்டைகள்தாம். ஒருவர் ஏறி விளையாடும் சிறிய ஸ்கீ-டூ 1959-ல்தான் வந்தது. ஆல்பைன் அந்த விளையாட்டு வம்சத்தில் பிறந்தும், குணத்தில் பாட்டனைக் கொண்டது: விளையாடுவதற்காக அல்ல, சுமப்பதற்காக அவதரித்தது.

அந்தச் சுபாவத்தை அறிந்துகொண்ட நாள்முதல் எனக்கும் அதற்கும் சமாதானம் ஏற்பட்டது. மார்ச் மாதத்தில் மேப்பிள் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு விறகு வேண்டும். இடுப்பளவு பனி கிடக்கும் தோப்புக்குள், விறகு ஏற்றிய சறுக்குப் பலகையைப் பின்னே கட்டிக்கொண்டு இது செல்லும்போது, புது வண்டிக்காரர்கள் புதைந்து நின்று மண்வெட்டியைத் தேடும் இடத்தில், அகன்ற பட்டைகள் இரண்டும் பாரத்தைப் பங்கிட்டுக்கொண்டு அவசரமின்றி மேலேயே மிதந்து போகின்றன. பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வே ஆராய்ச்சியாளர்கள் இதே ஆல்பைன் குடும்பத்து வண்டிகளைத் தென்துருவக் கண்டத்தில் ஸ்லெட்ஜ்களை இழுக்கப் பூட்டினார்கள். அங்கே வீதிமுனைகள் இல்லை என்பதை நினைக்கும்போது அவர்களுடைய தேர்வின் சாமர்த்தியம் விளங்குகிறது.

ஆகாத இடம் எது என்றால், மனிதன் சீராக்கிவைத்த இடம். கியூபெக்கில் ஸ்னோமொபைல் சங்கங்கள் பராமரிக்கும் பாதைகள் சுமார் 33,000 கிலோமீட்டர் நீளம். இரவெல்லாம் இயந்திரம் ஓட்டி மெழுகிவைத்த அந்தக் கெட்டிப் பனியில், வளைவுக்கு வளைவு ஆல்பைன் வைக்கோற்போரைக் கண்ட மாடாகப் புதரை நாடுகிறது. எதிரே தலைக்கவசத்துக்குள் பாட்டுக் கேட்டபடி பறந்து வருகிற வாலிபர்களைக் கண்டால் என் பிராணன் தொண்டைக்கு வந்துவிடும். அவர்கள் வண்டியின் கைப்பிடியில் சூடு உண்டு, திரையில் வரைபடம் உண்டு, அது திரும்பவும் செய்யும். திரும்புகிற வண்டி வேண்டுமென்றால் அதையே வாங்கிக்கொள்வது உத்தமம்.

ஆல்பைன்தான் வேண்டுமென்று பிடிவாதமாக இருப்பவர்கள், பின்னோக்கிச் செல்லும் கியர் உள்ளதா என்று முதலில் விசாரிக்கட்டும். அது இல்லாத பழைய மாதிரியை ஒருவர் இனாமாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன். குறுகிய காட்டுப்பாதையில் வந்த வழியே வீடு திரும்புவதற்கு இந்த வண்டி அறிந்த உபாயம், முன்னே சற்றுப் போய், பின்னே சற்று வந்து, மறுபடியும் முன்னே போவதுதான்; பொறுமையுள்ளவர்களுக்கு ஏழெட்டு முறையில் முடிந்துவிடும்.