கேட்கும் செவியும் முன்னரே எழுதிய விடையும்

இளையோரின் இனப்பெருக்க நலத் திட்டங்கள் நெடுங்காலம் மேலிருந்து கீழ்நோக்கியே வந்தன. அறிஞர் வகுத்தனர், அதிகாரிகள் நடத்தினர், இளையோர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. இதனை மாற்ற எழுந்ததே மாந்தரை நடுவாகக் கொண்ட வடிவமைப்பு முறை. பயன்பெறுவோரின் வாழ்வைக் கண்டும் கேட்டும் அறிந்து, ஒரு மாதிரியை அமைத்து, அவரிடமே காட்டித் திருத்திக்கொள்வது அதன் இலக்கணம்.

இதற்குத் தக்க சான்று 'அடோலசென்ட்ஸ் 360' என்னும் திட்டம். பி.எஸ்.ஐ. என்னும் நிறுவனம், ஐடியோ.ஆர்க் வடிவமைப்பாளர்களின் துணையுடன், 2016இல் எத்தியோப்பியா, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் இதனைத் தொடங்கியது. 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்கள் தாமே விரும்பிக் கருத்தடை முறைகளை மேற்கொள்ளச் செய்வதே நோக்கம்.

முறையின் சிறப்பை எத்தியோப்பியாவில் காணலாம். மணமான புதிதில், நாட்டுப்புற இளந்தம்பதியரிடம் கருத்தடை என்று பேச்சைத் தொடங்கினால் செவி சாய்ப்பாரில்லை. அவர்தம் கவலை பிழைப்பைப் பற்றியது. ஆகவே குடும்பச் செலவும் சேமிப்புமே முதற்பேச்சாயின. பிள்ளைப்பேறு எப்போது என்னும் வினா அதன் பின்னரே வந்தது. தான்சானியாவிலோ, தொழிற்பயிற்சியும் அன்னாசிப்பழச் சின்னமும் பெண்களை அழைத்தன. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்னும் ஆசிரியப் பயிற்சியின் முதற்பாடம் அன்றோ இது!

ஆயினும் விளைவு வேறாயிற்று. முதற்கட்டம் 2020இல் முடிந்தது. திட்டத்தை நாடி வந்த பெண்கள் பலர் பயன்பெற்றனர் என்பது உண்மை. ஆனால், வெளியார் செய்த மதிப்பீட்டில், அவ்வட்டாரங்களின் இளம்பெண்களிடையே கருத்தடைப் பயன்பாடு எதிர்பார்த்த அளவு உயர்ந்ததாகத் தெரியவில்லை.

காரணம் யாது? வாயிலை அழகுற அமைத்தல் ஒன்று; வீட்டையே திருத்துதல் மற்றொன்று. கணவன் சொல், மாமியார் எதிர்பார்ப்பு, ஊரார் பழி, மருந்தகத்தின் தொலைவு ஆகியன ஓரிரு சந்திப்புகளால் மாறுவன அல்ல. இதனினும் பெரியது மற்றொன்று உண்டு. பெண்களைக் கேட்கத் தொடங்குமுன்பே, கருத்தடையே இலக்கு என முடிவு செய்யப்பட்டுவிட்டது. எவ்வாறு கொடுப்பது என்று கேட்டனர்; எது வேண்டும் என்று கேட்டிலர். விடையை எழுதி வைத்துக்கொண்டு வினாத் தொடுப்பது எங்ஙனம் முழுமையான கேள்வியாகும்?

இளவயதுப் பேறு தாய்க்கும் சேய்க்கும் இடர் தருவது. ஆதலின் இலக்கு தவறன்று, முறையும் தள்ளத்தக்கதன்று. இளையோரின் குரல் திட்டத்தின் வழியை மட்டுமன்றி, நோக்கத்தையும் வகுக்க வேண்டும். அப்போதுதான் இம்முறை தன் பெயருக்குத் தகுதியுடையதாகும்.