ஆளோலையும் குடிவழியும்

குன்றத்தூர்ச் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்துள் தடுத்தாட்கொண்ட புராணம் பலராலும் பலகாலும் ஆராயப்பட்டதே. எனினும், ஆண்டு வரும் ஆளோலையைச் சமயக் குறியீடாகக் கொண்டமைந்தாரே பலர். அதனை ஓர் ஆவணமாகவே வைத்து நோக்கினார் சிலர். அங்ஙனம் நோக்குங்கால், பூவிருந்தவல்லிக்கு அணித்தாயுள்ள ஊரிற் பிறந்து சோழ அரசின் அமைச்சுப் பணி பூண்ட அப்புலவர், வழக்குமுறையினை எத்துணை நுட்பமாக அறிந்திருந்தார் என்பது இனிது புலனாகும்.

முதியவராய் வந்த இறைவன் காட்டிய ஓலையை நம்பியாரூரர் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலையே, மூல ஓலை வேறாக உளது. திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் முதியவர் சொல்லை அவ்வாறே ஏற்றிலர். அனுபோகம், ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூன்றனுள் ஒன்றேனும் வேண்டுமென்றனர். பின்னர் மூல ஓலை படிக்கப்பட்டது. மேலெழுத்திட்டார் எழுத்து ஒப்பு நோக்கப்பட்டது. பாட்டனார் கையெழுத்தும், காப்பிலிருந்த அவரது மற்றோர் ஓலையொடு ஒத்துப் பார்க்கப்பட்டது. தானும் தன் வழிவருவாரும் அடிமை செய்யக் கடவர் என்பதே அவ்வோலையின் கருத்து. இது வெறுங் கற்பனையன்று. பஞ்சத்துக்கு ஆற்றாது, 1201-இல் வேளாளர் ஒருவர் தம் மகளிர் இருவரொடும் 110 காசுக்குத் திருப்பாம்புரக் கோயிலுக்குத் தம்மை விற்றுக்கொண்ட செய்தியைக் கல்வெட்டுக் கூறும்.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆரூரருடைய பாட்டனார் பெயரும் எழுத்தும் அவைமுன் வந்தது ஆண்டான் கையிலிருந்த ஓலையால் அன்றோ? அடிமையின் குடிவழியை அடிமை காக்கவில்லை, உடையவனே காத்தான். அமெரிக்கக் கருப்பின மக்கள் தம் முன்னோரைத் தேடுமிடத்தும் இதுவே நிலை. 1850, 1860 ஆம் ஆண்டுகளின் குடிமதிப்பில் அடிமைகள் பெரும்பாலும் பெயரின்றி, உடையவர் பெயரின்கீழ் வயதும் பாலும் நிறமுமாகவே குறிக்கப்பெற்றனர். விடுதலை பெற்றோர் பெயர் முழுமையாக ஏறியது 1870-இலேதான். அதற்கு முற்பட்ட தலைமுறைகளை அறிய விரும்புவோர், உடையவனின் விருப்ப ஆவணத்தையும் விற்பனைச் சீட்டையுமே புரட்ட வேண்டியவராகின்றனர். அலெக்ஸ் ஹேலி 1976-இல் வெளியிட்ட 'வேர்கள்' உலகப் புகழ் பெற்றது. ஆயினும் அதிற் கண்ட குடிவழியைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர். கையெழுத்தை ஒத்துப் பார்த்த வெண்ணெய்நல்லூர் அவையின் கண்டிப்பு இத்துறைக்கு இன்றும் வேண்டப்படுவதே.

இனி, ஒப்புமையை மிகைப்படுத்துதலும் தவறாம். ஆரூரர் ஆதிசைவ மரபினர். அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் உண்டோ என நகைக்கின்றார். அந்நகைப்பே கதைக்கு உயிர். ஓலையைக் கிழிக்கும் துணிவும், கிழித்தபின் அவையில் நின்று வழக்காடும் உரிமையும் மெய்யடிமைக்கு ஏது? அவ்வடிமையைக் காண வேண்டின் திருநாளைப்போவார் புராணத்தை நோக்குக. புலைப்பாடியின் குடிசைகளையும், அங்குத் திரியும் கோழிக் குஞ்சுகளையும், மருத மரநிழலையும் விரித்துரைக்கும் சேக்கிழார், நந்தனாருக்குத் தந்தை பெயர் கூறினாரில்லை. பாட்டன் கையெழுத்து ஒருவர்க்கு. தந்தை பெயரும் இல்லை மற்றொருவர்க்கு. குடிவழி என்பதே உயர்ந்தோர் உடைமையாய் இருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேறு வேண்டுவதின்று. உரையாசிரியர் இவ்விடத்தை வாளா கடந்தமை எமக்கு வியப்பே தருகின்றது.

சேக்கிழாரின் நந்தனார் ஊரார் விட்ட நிலத்தின் விளைவை உண்டு, கோயில்களுக்குத் தோலும் நரம்பும் கோரோசனையும் அளித்தவர். அவரை வேதியர்க்குப் பண்ணையாளாக்கியது, 1861-இல் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனை. மூலத்தில் இல்லாததைப் புகுத்தினார் எனப் பாரதியாரைக் குறை கூறுவாருளர். யாம் அதற்கு உடன்படோம். அவர் தம் காலத்து வயலை நோக்கிப் பாடினார். கும்பெனியார் நாடு 1833-ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டத்தினின்று விலக்கப்பட்டது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமோ நீதிமன்றங்கள் அடிமையுரிமையை ஏற்றலைத் தடுத்ததேயன்றி, கடனாற் கட்டுண்ட படியாளை வயலினின்று விடுவித்திலது. செங்கல்பட்டுக் கலெக்டர் திரெமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கை, குடியிருக்கும் மனையும் மிராசுதாரர் பிடியில் இருந்தமையைக் காட்டுகின்றது.

அக்கீர்த்தனை அச்சேறுவதற்கு முந்திய ஆண்டாகிய 1860-இல்தான் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையினின்று கூலியாட்களை ஏற்றி நேட்டாலை அடைந்தது. அவர்கள் அடிமைகள் அல்லர், ஐந்தாண்டு ஒப்பந்தத்தினர். ஆனால் அக்கப்பற் பதிவேடுகளில், 1911 வரை சென்ற ஏறத்தாழ 1,52,000 பேர்க்குப் பெயரும் தந்தை பெயரும் வயதும் சாதியும் ஜில்லாவும் ஊரும் பதியப்பட்டன. ஊரில் எவரும் எழுதி வையாத தந்தை பெயரை ஏற்றுமதி எழுத்தர் எழுதினர். அவருள் செங்கல்பட்டு ஜில்லாவினரும் உளர். அவர்தம் வழியினர் இன்று அப்பதிவேட்டின் படியைக் கையில் ஏந்தி முன்னோர் ஊரைத் தேடுகின்றனர். ஆங்கில எழுத்தில் உருத்திரிந்த ஊர்ப்பெயர்களைச் சென்னையின் மேல்பாலுள்ள பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிச் சிற்றூர்களின் பழம்பெயரொடு பொருத்திக் காண்டற்கு, நிலவரிக் கணக்கும் கல்வெட்டும் பயின்ற தமிழ் மாணாக்கரே தகுதியுடையர்.